நாடியில் ஓடுகிற வாட்ச்

இந்தக் கூத்துக்கெல்லாம் மூல காரணம் நான்தான். வேறு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா சந்திரலேகாவுக்கும் ராஜமாணிக்கம் மாமாவுக்கும் கல்யாணம் நடந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. சிங்கப்பூரில் இருந்த எங்கள் பெரியப்பா மகன், மாப்பிள்ளைக்கென்று ஒரு ஜப்பான் வாட்ச் கொடுத்தனுப்பியிருந்தார். மச்சான் முறையில் அதை மாப்பிள்ளை கையில் கட்டிவிடும் பொறுப்பு என்னுடையது. சும்மா கட்டியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. "இதுக்கு செல்லும் போட வேணாம், சாவியும் குடுக்க வேணாம். கையில கட்டுனா நாடித் துடிப்புலயே ஓடும்" என்று மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி அறிவித்துக்கொண்டே கட்டினேன். எனக்கு யார் சொன்னது என்று கேட்டால் தெரியாது. ஊரில் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். மாமா மணிக்கட்டைக் காதருகே வைத்துக் கேட்டார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த பூரிப்பில் பாதிதான் அக்காவுக்கு, மீதி வாட்சுக்கு.

அதன் பிறகு இருபது வருஷம் அந்த வாட்ச் நிற்கவே இல்லை. மாமா கண்டக்டர், நான் டிரைவர். கடைசி பதினொரு வருஷம் ஒரே வண்டி, கடலூர் – சிதம்பரம் ரூட். படிக்கட்டில் தொங்குகிற காலேஜ் பையன்களிடம்கூட மாமா மணிக்கட்டை நீட்டி, "என் நாடியில ஓடுதுப்பா" என்பார். ராத்திரி கழற்றி ஆணியில் மாட்டினால் என்ன ஆகும் என்று ஒருவன் மடக்கினான். "பகல்ல வாங்கிக்கின துடிப்பு விடியற வரைக்கும் தாங்கும்" என்று பதில் சொன்னார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். சொன்னவனே நான்தானே!

2009 ஏப்ரலில் மாமாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. நின்றுகொண்டே பார்க்கிற வேலை ஆகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். டிப்போவில் லைட் டூட்டி போட்டு, கடலூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார வைத்தார்கள். எட்டுக்கு எட்டு அறை, ஒரு மைக், ஒரு மேசை, தலைக்கு மேலே பேய் மாதிரி சுற்றுகிற ஒரு ஃபேன். அந்தக் காற்றில் ரிஜிஸ்டர் தாள் பறக்காமல் இருக்க இடது கையைப் பாரமாக மேலே வைத்துக்கொண்டு, வலது கையால் வண்டி வந்த நேரம் போன நேரம் எழுதுவார். எட்டு மணி நேரமும் அதே உட்கார்வு. கொடுத்து வைத்தவர் என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

மே மாதம் அவர்கள் வீட்டில் திருவிழா. ஒரே மகள் இசைவாணி ப்ளஸ் டூவில் ஆயிரத்து நூற்று இருபத்தாறு. அண்ணாமலை நகர் யுனிவர்சிட்டியில் பி.எஸ்ஸி. அக்ரி இடம் கிடைத்தது. எங்கள் இரண்டு குடும்பத்திலும் காலேஜ் வாசலை மிதிக்கப்போகிற முதல் ஆள் அவள்தான். மாமா டைம் ஆபீஸ் மைக்கில், சிதம்பரம் வண்டி புறப்படும் அறிவிப்போடு சேர்த்து மகள் மார்க்கையும் சொல்லி, மேலதிகாரியிடம் திட்டு வாங்கினார்.

அதே மனுஷன் ஜூன் கடைசியில் திடீரென்று கல்யாணம் என்று ஆரம்பித்தார். சேத்தியாத்தோப்பில் உரக்கடை வைத்திருக்கும் கண்ணாயிரத்தின் மகனாம். நல்ல பையன்தான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பூ வைப்பது, ஆவணியில் முகூர்த்தம் என்று வார்த்தையும் கொடுத்துவிட்டு வந்திருந்தார். காலேஜில் சேரக் கடைசி நாள் அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை. கேட்டால், "சேர வேணாம், கல்யாணத்துக்கு அப்புறம் அவுங்க விருப்பப்பட்டா படிக்க வைக்கட்டும்" என்றார். உரக்கடைக்கு மருமகளாகப் போகிறவளை யார் படிக்க வைக்கப்போகிறார்கள்? இசைவாணி இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாளிலிருந்து அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அக்கா எனக்குப் போன் போட்டு, "நீ வந்து கேளு இளவரசு. நான் கேட்டா செவுத்தப் பாத்துக்கினு உக்காந்துடறாரு" என்று அழுதது.

எங்கள் பக்கம் பூ வைக்கிற தட்டைத் தாய்மாமன்தான் எடுத்துச் சபையில் வைக்க வேண்டும். தாய்மாமன் தொடாத தட்டு செல்லாது. எனக்கு வந்த கோபத்தில், சனிக்கிழமை டூட்டி முடிந்ததும் நேராக டைம் ஆபீசுக்குள் நுழைந்தேன்.

"மாமா, வெள்ளிக்கெழம நான் தட்டத் தொடமாட்டேன். வேற தாய்மாமன் கெடச்சா ஏற்பாடு பண்ணிக்கோ."

நான் எதிர்பார்த்தது சண்டை. அவர் கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு இடது கையிலிருந்து வாட்சைக் கழற்றி மேசை மேல் வைத்தார். மணி பதினொன்று இருபது காட்டியது. சுவர்க் கடிகாரத்தில் இரண்டே முக்கால்.

"காலையில நேரம் வச்சிக் கட்டுனது, பதினொண்ணு இருவதுக்கு நின்னுருக்கு" என்றார். "நேத்து பன்னெண்டு பத்துக்கு. ரெண்டு மாசமா இப்படித்தான் மச்சான். மொதல்ல பின்னால போச்சி. இப்ப நின்னே போவுது. எடுத்துக் கட்டிக்கினு நாலடி நடந்தா ஓடுது. உக்காந்தா மறுபடியும் நின்னுருது."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. அவர் வாட்சைப் பற்றிப் பேசவில்லை, நாடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரி போனியா?"

"ரெண்டு தடவ போனேன். ஈ.சி.ஜி. எடுத்தாங்க. ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. ஆனா பாரு, அன்னிக்கெல்லாம் வாட்ச்சும் ஒழுங்கா ஓடுச்சி. வரிசையில நின்னு, மாடிக்கும் கீழுக்கும் அலைஞ்சி, வூட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் ஒரு நிமிசம் தப்பல. அவுங்க பாக்கற நேரத்துல துடிப்பு சரியா இருக்கு. நான் சும்மா இருந்தா எறங்கிடுது. அத எந்த மிஷின்ல புடிப்பாங்க?"

அதன் பிறகு ஜாஸ்தி நடப்பதில்லையாம், மாடி ஏறுவதில்லையாம், இடது கையை வீணாக ஆட்டுவதுகூட இல்லையாம். இருக்கிற துடிப்பைப் பார்த்துச் செலவழிக்கிறாராம். அப்படியும் வாட்ச் முன்னைவிடச் சீக்கிரமாகத்தான் நிற்கிறது என்றார்.

"எத்தன நாள்னு தெரியல மச்சான். நான் நல்லாருக்கறப்பவே அவள ஒருத்தன் கையில புடிச்சிக் குடுத்துட்டா நிம்மதியாப் போயிடுவேன். நாலு வருசம் படிப்புன்னா, நாலு வருசத்துக்கு நான் எங்க போவேன்? அக்காகிட்ட சொல்லிடாத. எனக்கு முன்னாடி அவ போயிடுவா."

இந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்திருக்க வேண்டும். எப்படிச் சிரிப்பேன்? இருபது வருஷமாக நானும் அதையேதான் நம்பிக்கொண்டிருந்தேன். மனுஷன் வேறு இரண்டு மாதத்தில் பத்து வயசு கூடின மாதிரி உட்கார்ந்திருந்தார்.

வாட்சை என் பக்கம் தள்ளினார். "இத சிதம்பரத்துல காட்டு. இங்க காட்டுனா பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தெரிஞ்சிடும். வாட்ச்சுல பழுதுன்னு சொன்னா நான் பொழச்சேன், கல்யாணத்த நிறுத்திடறேன். வாட்ச் நல்லாருக்குன்னு சொல்லிட்டா, வாய மூடிக்கினு நீ தட்ட எடுத்துக்கினு வா. இதுக்கு ஒத்துக்கறியா?"

ஒத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

திங்கட்கிழமை சிதம்பரத்தில் வண்டியைப் போட்டுவிட்டுக் கீழ வீதிப் பக்கம் ஓடினேன். அடுத்த நடைக்கு நாற்பது நிமிஷம் இருந்தது. ஆரோக்கியராஜ் என்பவரின் வாட்ச் கடை. என் வயசுதான் இருக்கும். ஸ்டூடன்ட்ஸ் கூட்டத்துக்கு வரிசையாக செல் மாற்றிக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் வாட்சை வாங்கி நாலு ஆட்டு ஆட்டினார். வினாடி முள் ஓடத் தொடங்கியது. காதில் வைத்தார். ஒரு சின்னப் பெட்டி மேல் வைத்து அதில் ஓடிய எண்களைப் பார்த்தார். மனசுக்குள் நான், பழுது என்று சொல்லு, பழுது என்று சொல்லு என்று வேண்டிக்கொண்டிருந்தேன். தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டாகிவிட்டது.

"அருமையான வாட்ச் சார்" என்றார் ஆரோக்கியராஜ். "ஒரு கொறையும் இல்ல."

கடை வாசலில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னா சார், நல்லாருக்குன்னு சொன்னதுக்கா இப்படி வேர்க்குது?"

வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஆள் யார் என்று மட்டும் சொல்லவில்லை. அவர் சிரிக்காமல் கேட்டது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. "நாடியில ஓடுதுன்னு நம்பற மொத ஆள் நீங்க இல்ல சார். மாசத்துக்கு ஒருத்தர் வருவாங்க. உள்ள வாங்க" என்று மேசைக்குப் பின்னால் கூப்பிட்டு, பின்மூடியைத் திருகி எடுத்தார். தன் கண்ணில் மாட்டியிருந்த லென்சைக் கழற்றி என் கண்ணில் வைத்தார்.

பதினாறு வருஷமாக நான் வண்டி ஓட்டுகிறேன். இன்ஜினை அக்கக்காகக் கழற்றிப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். மிஷின் என்றால் எனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு உண்டு. லென்ஸ் வழியாகப் பார்த்த அந்த நிமிஷத்தில் அந்த நினைப்பு போய்விட்டது.

உள்ளே ஒரு அரைவட்டத் தகடு, பாதியாக உடைத்த அப்பளம் மாதிரி. நடுவில் ஒரே ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில்தான் அதன் கனம் முழுக்க. அவர் வாட்சை மெதுவாகச் சாய்த்தார். தகடு வழுக்கிக்கொண்டு கீழ்ப்பக்கம் வந்து நின்றது. அந்தப் பக்கம் சாய்த்தார். அது அந்தப் பக்கம் வந்தது. எப்படிப் பிடித்தாலும் கனமான பக்கம் கீழே வரத்தான் பார்த்தது. அவ்வளவுதான் அதன் வேலை.

"கை அசைஞ்சா இது சுத்தும். இது சுத்துனா அடியில பாருங்க, ரெண்டு நகம் மாதிரி ஒண்ணு இருக்கா?"

இருந்தது. தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். தகடு அசைய அசைய அந்த இரண்டு நகமும் ஒரு பல்சக்கரத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. ஒரு நகம் தள்ளியது. மற்றது இழுத்தது.

"தகடு வலது பக்கம் போனாலும், எடது பக்கம் போனாலும், சக்கரம் ஒரே பக்கம்தான் சுத்தும். கவனிங்க."

கவனித்தேன். சத்தியமாக ஒரே பக்கம்தான் சுற்றியது. முன் கியரில் போனாலும் ரிவர்ஸ் எடுத்தாலும் சிதம்பரத்தைப் பார்த்தே நகர்கிற ஒரு பஸ்ஸை யாராவது எனக்குக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி இருந்தது. நான் வாங்கி நானே சாய்த்தேன். திரும்பத் திரும்பச் சாய்த்தேன். எந்த அசைவையும் அது வேண்டாம் என்று தள்ளவில்லை. கை தூக்கினாலும், இறக்கினாலும், தலையைச் சொறிந்தாலும், கொசு அடித்தாலும், எல்லாவற்றையும் வாங்கி ஒரே திசையில் திருப்பிக்கொண்டே இருந்தது.

"அந்தச் சக்கரம் இந்த டப்பாவுக்குள்ள இருக்கற ஸ்பிரிங்க முறுக்கும். தகடு நூத்துக்கணக்குல சுத்துனாத்தான் ஸ்பிரிங் ஒரு சுத்து முறுகும். முழுக்க முறுகிட்டா அப்புறம் ஒண்ணரை நாள் சும்மா வச்சாலும் ஓடும்" என்றார்.

எனக்கு உடனே ஒரு பயம். "நாள் முழுக்கக் கையாட்டுறவன் கட்டுனா ஸ்பிரிங் ஜாஸ்தியா முறுகி அறுந்துடாதா?"

"வண்டி ஓட்டறவரு இல்லையா, சரியாக் கேக்கறீங்க. ஸ்பிரிங்கோட வெளி நுனிய எங்கயும் கட்டல சார். டப்பாவோட சுவத்துல அழுத்திக்கினு நிக்குது, அவ்ளோதான். நெறஞ்சிட்டா நுனி கொஞ்சம் வழுக்கி விட்டுரும். வேணுங்கறத வச்சிக்கும், மிச்சத்த விட்டுரும்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. யார் இதை உட்கார்ந்து யோசித்தது? என் இன்ஜின் டீசலை லிட்டர் லிட்டராகக் குடித்து ஊரையே எழுப்புகிற சத்தம் போட்டுத்தான் ஆறு சக்கரத்தை நகர்த்துகிறது. இது யாரிடமும் எதையும் கேட்கவில்லை. மனுஷன் தன் பாட்டுக்குக் கையை ஆட்டிவிட்டு மறந்துபோகிறான். அவன் மறந்துபோனதைப் பொறுக்கிச் சேர்த்து வைத்து, அதில் அவனுக்கே மணி காட்டுகிறது. பஸ் ஸ்டாண்டில் சுப்புராயன், என் புது கண்டக்டர், எனக்காக விசில் ஊதிக்கொண்டிருந்திருப்பான். எனக்கு அந்த லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்க மனசே இல்லை.

"அப்ப நாடி?" என்றேன் கடைசியாக.

"நாடித் துடிப்புக்கு இந்தத் தகடு எங்க சார் நகரும்? அவரு கைய அசைக்கறதில்ல. அதான் நிக்குது."

ரிஜிஸ்டர் மேல் பாரமாக வைத்த அந்த இடது கை என் கண் முன்னால் வந்தது. பயந்து பயந்து அவர் கையை அடக்கி வைக்க, வாட்ச் இன்னும் சீக்கிரம் நிற்க, அதைப் பார்த்து அவர் இன்னும் பயந்திருக்கிறார். அட கடவுளே என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் ஓட்டமாக ஓடி மாமாவிடம் சொன்னேன்.

"அன்னிக்கி மண்டபத்துல நாடின்னு சொன்னதும் நீதான். இன்னிக்கி நாடி இல்லன்னு சொல்றதும் நீதான். சொந்தப் பொண்ணு மாதிரி அவள வளத்தவன் நீ. அவ படிக்கணும்னு எதை வேணா சொல்லுவ" என்றார். "கடைக்காரன் வாட்ச் நல்லாருக்குன்னு சொன்னானா இல்லையா?"

"சொன்னாரு."

"அப்ப வெள்ளிக்கெழம தட்ட எடுத்துக்கினு வந்துரு."

என் வாயை நானே கிள்ளிக்கொள்ளலாம் போல இருந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் மண்டபத்தில் ஐந்து நொடி பீற்றிக்கொண்டதற்கு என் அக்கா மகள் படிப்பைக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. வார்த்தையால் ஆகாது என்று தெரிந்தது. "மாமா, புதன்கெழம உனக்கு லீவு. அதுவரைக்கும் வாட்ச்ச அலமாரியில வை, தொடாத. நின்னதும் எடுத்துக்கினு காலையில ஆறு நாப்பது நடைக்கு என் வண்டிக்கு வா. ஒரே ஒரு நடை. அதுக்கப்புறம் நீ சொல்றதக் கேக்கறேன்" என்றேன்.

புதன்கிழமை வந்தார். படியேறவே யோசித்து யோசித்து ஏறினார். என் பக்கத்தில் இன்ஜின் பெட்டி மேல் துண்டைப் போட்டு உட்கார வைத்தேன். வாட்ச் முந்தின நாள் ராத்திரியே நின்றிருந்தது, அதை ஆடாமல் உள்ளங்கையில் ஏந்தி வந்திருந்தார். முள்ளை ஆறு நாற்பதுக்கு அவரையே திருப்பி வைக்கச் சொன்னேன். ஆட்டாமல் வாங்கி, கியர் ராடின் தலையில் வாரைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன்.

"இப்ப யாரு நாடி புடிச்சிருக்கா, பாத்துக்கோ" என்று சொல்லி ஸ்டார்ட் பண்ணினேன். இன்ஜின் உறுமியதும் கியர் ராடு வழக்கம் போல நடுங்கத் தொடங்கியது. முதல் கியர் போட்டேன். இரண்டாவது போட்டேன். பஸ் ஸ்டாண்டு வளைவிலேயே வினாடி முள் அசைந்துவிட்டது.

மாமா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "மொதல்ல ஆடுற ஆட்டத்துல கொஞ்சம் ஓடும். நின்னுரும் பாரு" என்றார்.

ஓல்டு டவுனில் நிற்கவில்லை. ஆலப்பாக்கத்தில் நிற்கவில்லை. நான் அன்றைக்குப் போட்டது மாதிரி கியரை வாழ்நாளில் போட்டதில்லை. தேவை இல்லாத இடத்தில் எல்லாம் குறைத்தேன், கூட்டினேன். புதுச்சத்திரத்தில் ஏறிய ஒரு அம்மா, "வண்டி ஓட்டறியா, மாவாட்டறியா?" என்று கேட்டது. மாமா சிரிக்கவில்லை. கண்ணை அந்த முள்ளை விட்டு எடுக்கவே இல்லை. பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது அவர் வாய் லேசாகத் திறந்திருந்ததைப் பார்த்தேன்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இன்ஜினை அணைத்தேன். வாட்ச்சில் ஏழு ஐம்பத்தைந்து. டைம் ஆபீஸ் கடிகாரத்திலும் ஏழு ஐம்பத்தைந்து. ஜனங்கள் இறங்கிப் போனார்கள். கியர் ராடு அசையாமல் நின்றது. வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் இரண்டு டீ வாங்கி வந்தேன். குடித்து முடித்தோம். சாமி கும்பிட வந்த கூட்டம் ஒன்று எங்கள் வண்டியைத் தாண்டிப் போயிற்று. வாட்ச் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

"கியர் ராடுக்கு நாடி ஏது மச்சான்?" என்றார் மாமா. யாரோ தூங்குகிறார்கள், எழுப்பிவிடக் கூடாது என்கிற மாதிரி அவ்வளவு மெதுவாகக் கேட்டார்.

அவிழ்த்து அவர் கையிலேயே கட்டிவிட்டேன். மாமா எழுந்து காலி பஸ்ஸின் நடுவில் போய் நின்றார். கண்டக்டர் வேலையில் நிற்கிற அதே நிலை. இடது கையை உயர்த்தி மேல் கம்பியைப் பிடித்தார். விட்டார். டிக்கெட் கிழிக்கிற மாதிரி மார்புக்கு நேரே கொண்டுவந்தார். மறுபடியும் உயர்த்தினார். காதில் வைத்துக் கேட்டார். உள்ளே அந்தத் தகடு சுற்றும்போது சின்னதாக ஒரு சரசரப்பு கேட்கும். அதை இருபது வருஷமும் ரத்தம் ஓடுகிற சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

"அப்ப நான் கம்பியப் புடிச்சது, டிக்கெட் கிழிச்சது, சில்லற எடுத்துக் குடுத்தது எல்லாம் இதுக்குள்ள போச்சா?"

"எல்லாம் போச்சி மாமா. ஒண்ணு விடாம."

"ராத்திரியானா இந்தத் தோளு கழண்டு விழற மாதிரி வலிக்கும் மச்சான். எதுக்குடா இந்தப் பாடுன்னு நெனப்பேன்" என்றபடி சீட்டில் உட்கார்ந்தார். "எவன்டா இத கண்டுபுடிச்சான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சின்ன வாட்சைக் கோயில் விளக்கைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் அவர் முகம் மாறியது. என்ன செய்துவைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"சேத்தியாத்தோப்பு வண்டி எது?" என்றார்.

"ஜாதகம் சரியில்லன்னு போன்ல சொல்லிடு மாமா. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"பையன் பேர்ல எதுக்குப் பழி? வார்த்த குடுத்தது நான். நானே போறேன். நீ வர வேணாம்" என்று சொல்லிவிட்டு, முழங்கால் வலியையும் மறந்து பிளாட்பாரத்தில் வேகமாக நடந்து போனார்.

அங்கே நடந்ததைப் பிறகு அவரே சொன்னார். கண்ணாயிரம் முழுக்கக் கேட்டுவிட்டு, "சம்பந்தம் பேசுனதும் வாட்ச்சப் பாத்து, வேணாம்னு சொல்றதும் வாட்ச்சப் பாத்தா? எங்களப் பாத்தா உங்களுக்கு மனுசங்களாத் தெரியலயா?" என்று கேட்டிருக்கிறார். கேட்டது நியாயம்தான். கடை வாசலில் நாலு பேர் பார்க்க, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார் மாமா.

சாயங்காலம் நான் போனபோது அவரும் அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். அக்காவையும் இசைவாணியையும் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். வாட்ச் நின்றது, நாடி என்று நினைத்தது, ஆஸ்பத்திரி, கியர் ராடு, சேத்தியாத்தோப்பு எல்லாவற்றையும். அக்கா பாதியிலேயே அழ ஆரம்பித்து, அழுகை முடிவதற்குள் சிரிக்கவும் ஆரம்பித்துவிட்டது. என் பங்குக்கு என் முதுகில் இரண்டு வைத்தது. நானும் சிரித்தேன். தப்பித்தோம் என்று இருந்தது எனக்கு.

இசைவாணி சிரிக்கவில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அப்பாவோடு பேசினாள்.

"செத்துப்போயிடுவோம்னு ரெண்டு மாசமா நெனச்சிக்கினு இருந்தீங்க. தெனம் வாட்ச்சத் தட்டித் தட்டிக் கேட்டீங்க. டாக்டரக் கேட்டீங்க, கடைக்காரரக் கேட்டீங்க. அப்பா போயிட்டா நீ என்னம்மா பண்ணுவன்னு ஒரு நாளு என்னக் கேட்டீங்களாப்பா?"

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கும் சேர்த்துத்தான் அந்தக் கேள்வி. நானும் வாட்சை எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு ஓடினேனே தவிர, அவளிடம் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமா தலை குனிந்தார்.

பிறகு நிமிர்ந்து மகள் முகத்தைப் பார்த்தார்.

"இப்ப கேக்கறம்மா. நான் போயிட்டா நீ என்னா பண்ணுவ?"

"படிச்சி முடிச்சி அம்மாவப் பாத்துக்குவேன்" என்றாள் இசைவாணி. அவளுக்கு அதை யோசிக்க ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. "நாளைக்கி பத்து மணிக்குள்ள அண்ணாமலை நகர்ல இருக்கணும். நீங்களும் வாங்க."